தனியாளாகப் பாய்ப்படகு: இறக்குவது, ஓட்டுவது, கரையேற்றுவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒற்றை ஆள் பாய்ப்படகு பழக வருகிறவர்களின் சந்தேகங்களில் பெரும்பாலானவை முழங்கால் தண்ணீரில்தான் பிறக்கின்றன. நடுவில் ஓட்டுவதைச் சில நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். கரையை விட்டுக் கிளம்பும் முதல் இருபது மீட்டரிலும், திரும்பி வரும் கடைசி இருபது மீட்டரிலும்தான் கை போதாமல் தடுமாறுகிறார்கள். அதனால் இந்தப் பக்கமும் அந்த இரண்டு இடங்களில் அதிக நேரம் நிற்கிறது. எடுத்துக்கொண்ட படகு லேசர். சென்னைத் துறைமுகத்துக்குள் பழகுகிறவருக்கும் ஐதராபாத் உசேன் சாகரில் பழகுகிறவருக்கும் இது பொருந்தும்.

லேசர், ஐஎல்சிஏ ரெண்டும் ஒரே படகா? நான் எந்த அளவு பாய் எடுக்கணும்?

ஒரே படகுதான். கனடாவின் புரூஸ் கிர்பி வரைந்தது. 1970களில் உலகமெங்கும் பரவியது. 2019இல் போட்டிப் பெயர் ஐஎல்சிஏ என்று மாறியது. நீளம் சுமார் 4.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வெறும் உடலின் எடை சுமார் 59 கிலோ. பாய் மூன்று அளவில் வரும்: ஐஎல்சிஏ 4க்கு 4.7 சதுர மீட்டர், ஐஎல்சிஏ 6க்கு 5.76, ஐஎல்சிஏ 7க்கு 7.06. பாய்க்கேற்ப பாய்மரத்தின் கீழ்த்துண்டு மட்டும் மாறும். மேல்துண்டும், பாயின் அடியோரத்தைத் தாங்கும் பூம் என்னும் கிடைத்தண்டும் மூன்றுக்கும் ஒன்றே.

வழக்கமாகச் சொல்லும் கணக்கு இது: 55 கிலோ வரை உள்ளவருக்கு 4, எழுபதுக்கு உட்பட்டவருக்கு 6, அதற்கு மேல் 7. பழகும் முதல் மாதங்களில் உங்கள் எடைக்கு ஒரு படி சிறிய பாயை எடுங்கள். பெரிய பாய் தரும் வேகத்தைவிடச் சிறிய பாய் தரும் நிதானத்தில்தான் கை பழகும். சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டியது 6 அளவுப் பாய். வேலூரின் விஷ்ணு சரவணன் ஓட்டியது 7.

நீச்சல் தெரியாம லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டுப் போகலாமா?

கூடாது. ஜாக்கெட் மிதக்க வைக்கும். கவிழ்ந்த படகைச் சுற்றி நீந்திப் போகவோ, பாய்க்கு அடியில் மாட்டினால் பதறாமல் வெளியே வரவோ அது கற்றுத் தராது. போட்ட உடுப்போடு 50 மீட்டர் நீந்திவிட்டு, அதன்பின் நின்ற இடத்தில் சில நிமிடம் மிதக்கத் தெரிந்தால் போதும். நீச்சல் தெரிந்தவரும் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. கால்சட்டைப் பையில் ஒரு விசில், காலில் மூடிய ரப்பர் செருப்பு. படகிறக்கும் சாய்தளத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிப்பி, பாதத்தைக் கத்தி போலக் கிழிக்கும்.

எவ்வளவு காத்துல போகலாம்?

தனியாகப் பழகும்போது 5 முதல் 10 நாட் வரை. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். கருவி இல்லையென்றால் தண்ணீரைப் பாருங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு வெள்ளை நுரை தெரிந்தால் பத்தை நெருங்குகிறது. எங்கு பார்த்தாலும் நுரை என்றால் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அன்று கரையில் நின்று முடிச்சுகளைப் பழகலாம்.

வேகத்தைவிட முக்கியம், காற்று கூடுமா குறையுமா என்பது. சென்னைக் கரையில் கோடைக்காலத்தில் காலையில் கரைக்காற்று மெல்ல வீசும், பிறகு ஓயும், நண்பகல் வாக்கில் கடற்காற்று எழும். பத்து மணிக்கு அமைதியாக இருப்பதைப் பார்த்துக் கிளம்பியவர் ஒரு மணிக்கு வேறொரு கடலில் இருப்பார்.

கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காத்துதானே நல்லது? தானா வெளியே கொண்டுபோயிடுமே?

தனியாளுக்கு அதுதான் மோசமான காற்று. கரையோரம் தண்ணீர் தட்டையாக, அடக்கமாகத் தெரியும். வெளியே போகப் போகக் காற்றும் அலையும் கூடும். ஏதாவது உடைந்தாலோ களைத்தாலோ, அது உங்களைக் கடலுக்குள்தான் தள்ளும். கவனிக்கும் துணைப்படகு இல்லாத நாளில் இந்தக் காற்றில் இறங்கவே கூடாது.

கரைக்கு இணையாக அடிக்கும் காற்று மிக நல்லது. போவதும் வருவதும் ஒரே மாதிரி எளிது. கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்றில் கிளம்புவது கஷ்டம், ஆனால் எது நடந்தாலும் கரைக்கு வந்து சேர்வீர்கள்.

பாய்மரத்தை ஒரே ஆளா தூக்கி நட முடியுமா?

முடியும், ஆனால் நிற்கும் இடம் சரியாக இருக்க வேண்டும். முதலில் படகின் அணியத்தை, அதாவது முன்நுனியை, காற்றுக்கு நேராகத் திருப்புங்கள். லேசரில் பாயை ஏற்றும் கயிறு கிடையாது. பாயின் முன்னோரம் உறை போலத் தைக்கப்பட்டிருக்கும், அதைப் பாய்மரத்தின் மேல் சட்டை போலப் போட வேண்டும். தரையில் வைத்தே இரண்டு துண்டையும் இணைத்து, பாயைப் போட்டு, பாயை விறைப்பாக வைக்கும் மூன்று பட்டைகளையும் செருகிவிடுங்கள். பிறகு காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று, மரத்தைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். பாய் உங்களைவிட்டு விலகிப் பறக்கும். அப்படியே நேராகப் படகின் தளத்திலுள்ள மரக்குழிக்குள் இறக்குங்கள். பாதி இறங்கிய மரம் சாய்ந்தால் குழியைச் சுற்றியுள்ள தளம் பிளக்கும். லேசரில் அதிகச் செலவு வைக்கும் பழுது அது. காற்று பலமாக இருந்தால் பாயை மரத்தைச் சுற்றிச் சுருட்டி, நட்ட பிறகு பிரியுங்கள்.

நடுவதற்கு முன் மரத்தின் அடியையும் குழியையும் துடைத்து மணலை எடுத்துவிட வேண்டும். உள்ளே சிக்கிய மணல் உப்புத்தாள் போல வேலை செய்து, ஒவ்வொரு அசைவிலும் குழியின் அடியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை குழி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மட்டம் இறங்கினால் உடலுக்குள் ஒழுகுகிறது. அடைக்காமல் படகை இறக்க வேண்டாம்.

மரம் நின்றதும் அதைத் தளத்தோடு பிணைக்கும் கயிற்றைக் கட்டுங்கள். படகு தலைகீழானால் மரம் குழியிலிருந்து நழுவி விழாமல் தடுப்பது அந்தக் கயிறு ஒன்றுதான்.

தண்ணியில இறக்குறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்? ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு விட்டுப்போகுது.

பின்னாலிருந்து முன்னால் வரும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பின்புற அடைப்பான் திருகியிருக்கிறதா? மறதிக்கு முதல் பலி அதுதான். சுக்கான் மாட்டி, அது மேலே கழன்று வராமல் தடுக்கும் பூட்டு 'கிளிக்' என்று விழுந்ததா? சுக்கான் தகடு மேலே மடங்கியிருக்கிறதா? டில்லர், அதாவது சுக்கானைத் திருப்பும் கைத்தண்டு, பின்புறத்தில் குறுக்கே கட்டிய டிராவலர் கயிற்றுக்கு அடியில் போகிறதா? மேலே போனால் திருப்பும்போது மாட்டும். வெளியே சாயும்போது கால் மாட்டும் கால்பட்டையின் முடிச்சு இறுகியிருக்கிறதா? மெயின்ஷீட், அதாவது பாயை இழுத்துத் தளர்த்தும் கயிறு, சிக்கலில்லாமல் முழுதும் தளர்ந்து கிடக்கிறதா? பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கிக்கர் கயிறு தளர்வா? கடைசியாக, படகின் நடுவே கீழ்நோக்கிச் செருகும் நடுப்பலகை, அதாவது டேகர்போர்டு. அது படகுக்குள் கிடக்க வேண்டும். அதன் பிடிகயிறு கட்டியிருக்க வேண்டும்.

மெயின்ஷீட்டின் நுனி முடிச்சைப் பற்றி ஒன்று. கயிறு கப்பியிலிருந்து முழுதும் உருவிப் போகாமல் நுனியைக் கால்பட்டையின் அடியில் கட்டுங்கள்; நீளத்தைக் குறைக்காதீர்கள். லேசரின் மரத்துக்குப் பக்கக் கம்பிகள் இல்லாததால் கயிறு நீளமாக இருந்தால் பாய் அணியத்துக்கும் முன்னால் வரை போய்ப் படபடக்கும். கரையேறும்போது இது எப்படிக் கைகொடுக்கிறது என்று பின்னால் வருகிறது.

நான் ஒரே ஆள். படகைப் பிடிச்சா டிராலி தண்ணியில நிக்குது, டிராலியைக் கொண்டுபோனா படகு போயிடுது. என்ன பண்றது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. முதல் விதி: படகை எப்போதும் அணியத்தில்தான் பிடிக்க வேண்டும். அணியத்தைப் பிடித்தால் படகு கொடி போலக் காற்றுக்கு நேராகத் திரும்பி நிற்கும், பாய் வெறுமனே படபடக்கும். பக்கத்திலோ பின்னாலோ பிடித்தால் பாய் காற்றை வாங்கும். அந்த இழுவையை ஒரு கையால் தாங்க முடியாது.

அணியத்து வளையத்தில் ஆறு மீட்டர் கயிறு ஒன்றை நிரந்தரமாகக் கட்டிவையுங்கள். சாய்தளத்தில் வளையமோ கம்பமோ இருந்தால், டிராலியைத் தள்ளிப் படகு மிதந்ததும், கயிற்றை அதில் கட்டிவிட்டு டிராலியை மேலே கொண்டுபோகலாம். வெறும் மணற்கரை என்றால் டிராலியின் கைப்பிடியில் பத்து மீட்டர் கயிறு கட்டி, மறு நுனியை உலர்ந்த மணலில் போட்டுவிடுங்கள். படகு டிராலியைவிட்டு மிதந்ததும், ஒரு கையில் அணியக் கயிறு, மறு கையில் டிராலிக் கயிறு. நீங்கள் கரையில் நின்றபடியே டிராலியை இழுத்துவிடலாம். கடலிலிருந்து காற்று அடித்தால் அணியம் கடலைப் பார்க்கத் திருப்பி, பின்புறத்தை ஈர மணலில் ஒரு கை அகலம் ஏற்றி வைத்துவிட்டு ஓடுங்கள். சுக்கான் தகடு மடங்கியிருந்தால் ஒரு நிமிடம் அது அங்கேயே இருக்கும். கீறல் விழும்தான். படகு கவிழ்வதைவிடக் கீறல் மேல்.

டிராலியை ஓதம் ஏறும் கோட்டுக்கு மேலே விடுங்கள். சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான், ஆனால் மிதந்து போக டிராலிக்கு அது போதும்.

காத்து கரைப்பக்கம் அடிக்கும்போது கிளம்பவே முடியல. ஏறினவுடனே பக்கவாட்டுல தள்ளி மறுபடி கரைக்கே வந்துடுறேன்.

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். முழங்கால் ஆழத்தில் ஏறியிருப்பீர்கள், அங்கே நடுப்பலகையை இறக்க இடமில்லை. பலகை இல்லாத படகு பக்கவாட்டில் வழுக்கும். அல்லது ஏறியதும் பாயை முழுதும் இறுக்கி, காற்றுக்கு மிக நெருக்கமாக ஓட்டப் பார்த்திருப்பீர்கள். வேகமில்லாத படகில் பலகைக்கும் பிடிப்பில்லை. அல்லது தவறான பக்கம் கிளம்பியிருப்பீர்கள். காற்று கரைக்குச் சரியான நேர்க்கோணத்தில் அடிப்பது அபூர்வம். இடதோ வலதோ, எந்தப் பக்கம் போனால் கரையிலிருந்து அதிகம் விலகுவீர்களோ அதை இறங்கும் முன்பே தீர்மானியுங்கள்.

இடுப்பளவு ஆழம் வரை நடந்து போங்கள். பலகையைப் பாதி செருகுங்கள், சுக்கானை முடிந்த அளவு இறக்குங்கள். காற்று வரும் பக்கம், கால் வைக்கும் குழியின் முன்னோரத்தில் நின்று, அணியத்தைக் காற்றிலிருந்து சுமார் அறுபது பாகை திருப்புங்கள். இரண்டு அலைகளுக்கு நடுவே முன்னோக்கித் தள்ளி, அதே வேகத்தில் ஏறி, மெயின்ஷீட்டை இரண்டு கைவீச்சு இழுங்கள். படகு ஓடத் தொடங்கிய பிறகே பலகை முழுதும் கீழே, சுக்கான் முழுதும் கீழே, அதன் கயிறு இறுக்கம். சுக்கான் பாதி மடங்கியிருந்தால் டில்லர் கல் போலக் கனக்கும். அப்படியே வேகமாக ஓட்டினால் சுக்கான் தலை உடையும்.

டில்லரை எந்தப் பக்கம் தள்ளினா எந்தப் பக்கம் திரும்பும்னு குழம்புது.

டில்லருக்கு எதிர்ப்பக்கம் அணியம் போகும். இடம் வலம் என்று நினைக்காமல் பாயை வைத்து நினையுங்கள்: டில்லரைப் பாயின் பக்கம் தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பும், பாயிலிருந்து விலக்கி இழுத்தால் காற்றைவிட்டு விலகும். பயந்தால் மெயின்ஷீட்டை விட்டுவிடுங்கள், டில்லரை விடாதீர்கள்.

படகு காத்துக்கு நேரா நின்னுடுச்சு. பாய் படபடக்குது, எங்கேயும் போகல.

காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகைக்குள் லேசர் ஓடாது. அதற்குள் நின்றுவிட்டால் டில்லரை எவ்வளவு ஆட்டினாலும் பயனில்லை; தண்ணீர் ஓடாத சுக்கானுக்கு வேலை கிடையாது. பூமைக் கையால் ஒரு பக்கம் வெளியே தள்ளிப் பிடியுங்கள், டில்லரையும் அதே பக்கம் தள்ளுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து திரும்பும். பக்கவாட்டில் காற்று பட்டதும் பூமை விட்டு, டில்லரை உங்கள் பக்கம் இழுத்து, மெயின்ஷீட்டை மெல்ல இழுங்கள்.

பின்காத்துல திருப்பும்போதெல்லாம் கயிறு படகோட பின் மூலையில மாட்டுது. அடுத்த நொடி கவிழ்ந்துடுது.

லேசரின் பிறவிக் குணம் இது. பூம் மறுபக்கம் பாயும்போது தொங்கும் மெயின்ஷீட் பின்மூலையைச் சுற்றிக்கொள்கிறது. திருப்பத் தொடங்கும்போதே ஒரு கைவீச்சு கயிற்றை உள்ளே இழுங்கள். பூம் தலைக்கு மேல் வரும் கணத்தில் கயிற்றை மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டுங்கள். தொங்கல் எழும்பித் தப்பிவிடும். படகு வேகமாக ஓடும்போது திருப்புங்கள். அப்போது பாயின் மேல் காற்றழுத்தம் குறைவு. பயந்து மெதுவாகும் வரை காத்திருந்தால் அழுத்தம் கூடும்.

இன்னொன்று: பின்காற்றில் பலகையை நிறைய மேலே தூக்கி வைத்திருந்தால், பூமோ கிக்கரோ அதில் இடித்துப் படகைக் கவிழ்க்கும். திருப்பும் முன் பலகையைக் கீழே அழுத்துங்கள்.

கவிழ்ந்தா தனியா நிமிர்த்த முடியுமா?

முடியும். ஓட்டத் தொடங்கும் முன்பே, அமைதியான நாளில், வேண்டுமென்றே பத்து முறை கவிழ்த்து நிமிர்த்திப் பழகியிருக்க வேண்டும். விழுந்த கணத்தில் ஒன்றே ஒன்று: படகையோ கயிற்றையோ பிடித்துக்கொள்ளுங்கள். பாய் எழும்பிக் காற்று வாங்கிய படகு, நீந்துகிற ஆளைவிட வேகமாக நகரும்.

பின்பக்கமாகச் சுற்றி நீந்தி அடிப்பக்கம் போங்கள். போகும் வழியில் மெயின்ஷீட் கிளீட் என்னும் கயிற்றுப் பிடிப்பானில் மாட்டாமல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; கிக்கரையும் விடுவியுங்கள். பலகை வெளியே முழுதும் நீட்டியிருக்க வேண்டும். அதன் மேல் ஏறி, உடலோடு ஒட்டி நில்லுங்கள்; நுனியில் நின்றால் பலகை முறியும். படகின் விளிம்பைப் பிடித்து, முதுகை நேராக வைத்துப் பின்னால் சாயுங்கள். பாய்க்குள் இருக்கும் தண்ணீர் வடியச் சில நொடி ஆகும், பொறுங்கள். பாய் தண்ணீரைவிட்டு எழும்பியதும் சட்டென்று எழும். உடனே உள்ளே ஏறி, காற்றுக்கு நேராக நிறுத்தி மூச்சு வாங்குங்கள். கால் வைக்கும் குழியில் நிற்கும் தண்ணீர், ஓட ஆரம்பித்தால் பெய்லர் என்னும் வடிகால் வழியாகப் போய்விடும்.

பாய் காற்று வரும் பக்கம் கிடக்கும்போது நிமிர்த்தினால், எழும் பாயைக் காற்று பிடித்து உங்கள் தலைக்கு மேல் மறுபக்கம் அடிக்கும். பாயை மெல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேல் தூக்கிப் பிடித்திருங்கள். படகு தானாகச் சுழன்று அணியம் காற்றுக்கு வந்ததும் நிமிர்த்துங்கள்.

முழுசா தலைகீழா போயிடுச்சுன்னா?

பலகை மேல்நோக்கி நிற்கும். அது நழுவி உள்ளே போயிருந்தால் முதலில் முழுதும் வெளியே இழுங்கள். காற்று வரும் பக்க விளிம்பில் கால் ஊன்றி, பலகையைப் பிடித்துச் சாய்ந்து காத்திருங்கள். உலுக்க வேண்டாம், அசையாத எடைதான் தூக்கும். ஒரு நிமிடம்கூட ஆகலாம். பாதி எழும்பியதும் மேலே சொன்னபடிதான்.

ஆழம் குறைந்த இடத்தில் மரநுனி சேற்றில் குத்திக்கொண்டால் பலத்தைக் காட்டாதீர்கள். மரம் வளைந்துவிடும். துணைப்படகைக் கூப்பிட்டு, குத்திய திசைக்கு எதிர்த்திசையில் அணியத்தை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது பிரேக் எப்படிப் போடுறது? வேகமா வந்து மணல்ல மோதிடுறேன்.

கரைக்காற்று என்றால் பிரச்சினையில்லை. காற்றை எதிர்த்துத்தான் வருகிறீர்கள், மெயின்ஷீட்டை விட்டால் நின்றுவிடும். காற்று கரைக்கு இணையாக அடித்தாலும் அப்படித்தான்.

கஷ்டம் கடற்காற்றில். முப்பது மீட்டர் தொலைவிலேயே அணியத்தைக் காற்றுக்குத் திருப்பி நில்லுங்கள். கிக்கரை முழுதும் விடுங்கள், பலகையைப் பாதி தூக்குங்கள், சுக்கான் பிடிகயிற்றைக் கிளீட்டிலிருந்து எடுங்கள். இப்போது மெயின்ஷீட்டை முழுதும் விட்டுவிட்டுக் கரையை நோக்கித் திரும்புங்கள். முன்பு சொன்ன நீளக் கயிறு இங்கே உதவுகிறது: பாய் அணியத்துக்கு முன்னால் பறந்து காற்றை விட்டுவிடும், படகு வெறும் உடல்மேல் படும் காற்றில் மெல்ல நகரும். இடுப்பளவு ஆழத்தில் பலகையை உருவி உள்ளே போட்டு, கடல் பக்கமாக இறங்கி, அணியத்துக்குப் போய்ப் படகைக் காற்றுக்குத் திருப்புங்கள்.

படகுக்கும் கரைக்கும் நடுவே மட்டும் நிற்காதீர்கள். முழங்கால் உயர அலைகூட, தண்ணீர் நிறைந்த படகைத் தூக்கி உங்கள் கால்மேல் போடும்.

மெரினா மாதிரித் திறந்த கடற்கரையில பழகலாமா?

வேண்டாம். அலை கரையோரத்திலேயே உடையும் இடத்தில், மேலே சொன்ன எதற்கும் நேரம் கிடைக்காது. துறைமுகம், உப்பங்கழி, ஏரி ஆகியவைதான் பழகும் இடம். திறந்த கடலுக்குப் போகும் காலம் வந்தால், ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். காற்றே இல்லாத நாளில் தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் 'கள்ளக்கடல்' என்னும் பேரலையைக் கரையில் நின்று யாராலும் கணிக்க முடியாது. கன்னியாகுமரிப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

டிராலியில தனியா ஏத்துறப்ப படகு கோணலா உட்காருது.

டிராலி போதிய ஆழம் போகவில்லை. லேசர் டிராலி படகை விளிம்புகளில் தாங்குவது. இரு தாங்கிகளும் தண்ணீருக்குள் மூழ்கும் வரை தள்ளி, படகை அணியக் கயிற்றால் மிதக்கவிட்டபடி மேலே கொண்டுவாருங்கள். அணியக் கயிற்றைக் கைப்பிடியில் கட்டிய பிறகே இழுங்கள். மணலில் சக்கரம் புதைந்தால் நேராக இழுக்காமல் ஒரு சக்கரத்தை முன்னால், பிறகு அடுத்ததை என்று மாற்றி மாற்றி நகர்த்துங்கள். மேடு அதிகமென்றால் கீழேயே பாய்மரத்தைக் கழற்றிவிடலாம். கழற்றும்போதும் செங்குத்தாகத்தான்.

மேலே வந்ததும் பின் அடைப்பானைத் திறந்து அணியத்தைத் தூக்குங்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் வருவது சகஜம். வாளிக்கணக்கில் வந்தால் மரக்குழியைச் சோதியுங்கள். நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவுங்கள், கப்பிகளையும் மரத்தின் இணைப்பையும் தவறாமல். உப்பேறிய இரண்டு துண்டு அலுமினியம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு.

நடுவுல சுக்கான் கழண்டுபோனா?

படகைச் சாய்த்துத் திருப்பலாம். பாயின் பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். உங்கள் பக்கம் சாய்த்தால் விலகும். பலகையைப் பாதி தூக்கி, பாயைத் தளர்த்தி, பக்கக்காற்றில் மெல்ல ஓட்டுங்கள். இதை அமைதியான நாளில் டில்லரைத் தொடாமல் பழகிப் பார்க்கலாம்.

முடியவில்லை என்றால் படகோடு இருங்கள். கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் நீந்திப் போகாதீர்கள். தண்ணீரில் ஒரு தலையைவிடக் கவிழ்ந்த வெள்ளைப் படகு பல மடங்கு தூரத்திலிருந்து தெரியும். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் ஆட்டுவது உதவி கேட்கும் சைகை என்று கடலோடிகளுக்குத் தெரியும்.

துணைப்படகு இல்லாம எப்போ தனியாப் போகலாம்?

ஒரே நாளில் மூன்று முறை அடுத்தடுத்துக் கவிழ்த்து, ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடத்துக்குள் நிமிர்த்தி ஏற முடிந்தால். கரைக்குத் திரும்பும்போது யாரும் கை கொடுக்காமல் பத்து முறை நிறுத்தியிருந்தால். அப்போதும் கரைக்காற்று நாளில் கூடாது.

கிளம்பும் முன் கரையில் ஒருவரிடம் மூன்று செய்தி சொல்லுங்கள்: எந்த எல்லைக்குள் இருப்பேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், அந்த நேரத்தைத் தாண்டி அரைமணி ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554. அதை அவருடைய கைபேசியில் அப்போதே பதியச் சொல்லுங்கள். நீர்புகா உறையில் உங்கள் கைபேசியும் ஜாக்கெட்டுக்குள் இருக்கட்டும். படகில் வைத்தால் கவிழும்போது அதுதான் முதலில் போகும். திரும்பி வந்ததும் அவரிடம் வந்துவிட்டேன் என்று சொல்ல மறக்காதீர்கள்.